மேல்வீட்டுத் தண்ணீர்

கீழ்வீட்டுச் சுவர் நனைந்தால் எல்லோரும் மேல்வீட்டைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். தண்ணீர் கீழ்நோக்கித்தானே வரும், அதற்கு மேல் யோசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஏசி மெக்கானிக்கும் அண்ணாந்துதான் பார்த்தான். இத்தனைக்கும் அவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓடுகிற ஏசிக்குக் கீழே நின்று அரை நிமிடம் காது கொடுத்தால் போதும். கேஸ் குறைந்திருக்கிறதா, ஃபேனில் அழுக்கு ஏறியிருக்கிறதா, எலி வயரைக் கடித்துவிட்டதா என்று சொல்லிவிடுவான். பதினாறு வருஷமாக அடுத்தவர் படுக்கையறைகளைக் குளிர வைத்தே சாப்பிட்டுக்கொண்டிருப்பவன். அந்தத் தொழிலே அவன் கண்ணை மறைக்கும் என்று யார் கண்டது?

அவன் குடியிருந்தது வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பின்னால் துணி துவைக்கிற கல்லும் ஒரு குழாயும், அதை ஒட்டித் தகரக் கதவு போட்ட குளியலறையும். மேல்பகுதியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். போக வர வீட்டுக்கு வெளியே பதினேழு படிகள். அந்தம்மா பஸ்ஸில் இருபத்தேழு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் குரல் ஓய்வு பெறவில்லை. மாடியில் நின்று "தண்ணி வந்துடுச்சு, மோட்டாரப் போடு" என்றால் நாலு வீடு தள்ளியிருப்பவர்களும் எழுந்து போய் மோட்டாரைப் போடுவார்கள். தெருவே அவரைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. மெக்கானிக்கின் மகளுக்கு மட்டும் அவர் வெறும் 'கண்டக்டர்'.

அந்த மகளுக்கு வீட்டில் குட்டி என்று பெயர். அப்போது நாலரை வயது. அவள் அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. குட்டி பள்ளியிலிருந்து வந்ததும் நேரே மாடிக்குப் போய்விடுவாள். படியில் கால் வைக்கும்போதே மேலிருந்து குரல் வரும். "டிக்கெட் எடுத்தாச்சா? எடுக்காதவங்க அடுத்த படியில இறங்கிக்கலாம்." குட்டி எங்கிருந்தாவது ஒரு காகிதத் துண்டைப் பொறுக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் கண்டக்டரம்மா அதைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுப்பார். சாயங்காலம் அவள் அம்மா வந்து கூப்பிட்டால் இறங்க மாட்டாள். "டிரைவர் வரல, வண்டி எடுக்க மாட்டாங்க" என்பாள். பெற்றவளுக்கே பொறாமையாக இருக்கும்.

சுவரில் ஈரம் தெரிந்தது படுக்கையறையில், பீரோவுக்கு மேலே. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. பிறகு அது கீழே இறங்கிப் பீரோவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஒருநாள் மெக்கானிக்கின் மனைவி பீரோவை நகர்த்திப் பார்த்தால், சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. பீரோவுக்குள் அடியில் இருந்த துணிகளிலும் ஏறியிருந்தது. அவள் கல்யாணத்துக்கு வாங்கிய சேலையின் மடிப்பிலேயே புள்ளி புள்ளியாக. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு அதுதான் வேலை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்ப்பாள். சுவர் வெளுக்கும். வியாழக்கிழமைக்குள் மறுபடி கறுக்கும். மெத்தை, தலையணை, பள்ளிக்கூடப் பை, எதை முகர்ந்தாலும் நனைந்த சாக்கு வாடை.

அந்த மழைக்காலத்தில்தான் குட்டிக்கு இளைப்பு வந்தது. சாதாரணச் சளி என்று ஆரம்பித்து, படுத்தால் மூச்சு விசிலடிக்கிற அளவுக்குப் போயிற்று. டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல ஈரச்சுவர் இருக்கா? பூசணம் பிடிச்சிருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை வியர்க்காமல் தூங்கட்டும் என்று அன்று முதல் ஜன்னல்களை அடைத்து ஏசியைப் பொழுதுக்கும் ஓடவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் மாடிக்குப் போனான். படுக்கையறைக்கு நேர்மேலே கண்டக்டரம்மாவின் குளியலறை. தரையில் பதித்த கற்களை ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தான். இரண்டு கல் தொம் தொம் என்றது. போதாதா?

"இங்கதாம்மா. கல்லுக்கு அடியில தண்ணி இறங்குது" என்று அடித்துச் சொன்னான்.

"நல்லா பாருப்பா. போன வருஷம்தான ஆளை வெச்சுப் பூசினேன்."

"பதினாறு வருஷமா சுவரையும் குழாயையும்தான் பாத்துட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

கண்டக்டரம்மா வாக்குவாதத்துக்கு அஞ்சுகிறவர் இல்லை. சில்லறைக்காகப் பஸ்ஸில் ஆயிரம் பேரோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் அன்று அவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ குட்டிக்கு மூச்சு முட்டுறது இந்தத் தண்ணியாலயா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு."

அவ்வளவுதான். அன்றே அந்தம்மா மேல் குளியலறைக்குப் போகிற வால்வைத் திருகி மூடினார். கதவுக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாளும் போட்டார். மறுநாள் காலை மாற்றுத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பதினேழு படி இறங்கி, பின்பக்கத்துத் தகரக் கதவுக் குளியலறைக்கு வந்தார். இருபத்தேழு வருஷம் ஓடுகிற வண்டியில் நின்ற முழங்கால்கள் அவை. ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை நின்றுதான் இறங்கின. அப்படிப் பதினோரு மாதம். மழையிலும் வந்தார், காய்ச்சலிலும் வந்தார். மெக்கானிக்கின் மனைவி அந்த நாட்களில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்ற வயிறு, குழந்தை மூச்சுக்குத் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, காதில் விழட்டும் என்றே, "வாடகைக்கு விடறதுக்கு முன்னாடி வீடு மனுஷங்க இருக்கிற மாதிரி இருக்கான்னு பாக்கணும்" என்றாள். கண்டக்டரம்மா வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டுப் படியேறினார்.

குட்டி மாடிக்குப் போவதும் நின்றது. வேண்டாம் என்று இவர்கள் தடுத்தார்கள். கூப்பிடக் கூடாது என்று அந்தம்மாவும் வாயைக் கட்டிக்கொண்டார். முதல் வாரம் முழுக்கக் குட்டி படியடியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அழவில்லை. குழந்தைகள்தானே, மறந்துவிட்டாள் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் சுவர் காயவில்லை. மேல் குளியலறையில் சொட்டுத் தண்ணீர் புழங்காமல் இரண்டு மாதம், மூன்று மாதம். "கான்கிரீட் குடிச்ச தண்ணிம்மா, காய ஆறு மாசம் ஆகும்" என்றான் மெக்கானிக். ஆறு மாதம் ஆனதும் எட்டு மாதம் ஆகும் என்றான். நடுவில் மைத்துனன் கல்யாணத்துக்காகப் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வந்தபோது சுவர் சுக்காகக் காய்ந்து கிடந்தது. அன்றாவது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். பத்து நாளும் வீட்டில் எது ஓடவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். "பாத்தியா, வெயிலுக்குக் காஞ்சிருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டான்.

முழங்கால்கள் கடைசியில் மறுத்துவிட்டன. ஒரு காலை கண்டக்டரம்மா எட்டாவது படியில் உட்கார்ந்தவர் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அரை மணி நேரம் அங்கேயே இருந்தார். வேறு ஊரில் இருந்த அவர் தம்பிக்குச் சேதி போயிற்று. தம்பி வந்து பார்த்துவிட்டு, "போதும் அக்கா. என் வீட்ல கீழ ஒரு ரூம் இருக்கு. ஒட்டினாப்ல பாத்ரூம் இருக்கு. கிளம்பு" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

கிளம்பும் நாள் சனிக்கிழமை. காலையிலேயே தம்பி கீழே வந்து மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டார். "நாலு மணிக்கு வண்டி வருது. மேல்பக்கத்தையும் வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். அதுக்குள்ள எங்க ஒழுகுதுன்னு சுவரை உடைச்சே பாத்துடுங்க. ஆளை விட்டுச் சரி பண்ணிடறேன். வர்றவங்களும் அக்கா மாதிரி கீழ இறங்கி வந்து குளிப்பாங்களா?"

மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். குட்டி கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மெக்கானிக் பீரோவை இழுத்துப் போட்டான். ஸ்டூலில் ஏறி, ஈரம் எங்கே அதிகமோ அங்கே உளியை வைத்தான். நனைந்த பூச்சு பிட்டுப் பிட்டாக உதிர்ந்தது. மேலே சீலிங் பக்கம் போகப் போக ஈரம் அதிகமாகும் என்று எதிர்பார்த்துக் கொத்தினான். மேலே போகப் போகக் காய்ந்த செங்கல்தான் வந்தது. பக்கவாட்டில் கொத்தினான். ஏசி இருக்கும் பக்கம். அங்கே செங்கல் சொதசொதவென்று இருந்தது. இன்னும் ஒரு சாண் கொத்தியதும் வெள்ளைக் குழாய் ஒன்று தெரிந்தது. அது வளைகிற இடத்தில் இருந்த மூட்டு, விரல் பட்டதும் வாயைத் திறந்துகொண்டு தனியாக வந்துவிட்டது. உள்ளே இருந்த தண்ணீர் அவன் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. ஜில்லென்று இருந்தது. பதினாறு வருஷமாகக் கையில் பட்ட தண்ணீர், அவனுக்கா தெரியாது? ஏசித் தண்ணீர்.

அந்த மூட்டில் ஒட்டுகிற சொல்யூஷனின் பிசுக்கே இல்லை. வெறுமனே சொருகியிருந்தது.

அவனுக்கு எல்லாம் நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடை. வேலை செய்த வீடொன்றில் கழற்றிப் போட்ட பழைய ஏசியை வாங்கிப் புதுசு போலாக்கி இங்கே மாட்டினான். தண்ணீர்க் குழாயை வெளிப்பக்கம் விட்டிருக்கலாம். ஆனால் அது படிக்கட்டில் சொட்டும், கண்டக்டரம்மா வழுக்கி விழுந்துவிடுவார் என்று பயந்து, மெனக்கெட்டுச் சுவருக்குள் பள்ளம் வெட்டிப் பின்பக்கம் கொண்டுபோனான். அத்தனை அக்கறையாக இருந்தவன்! மூட்டை ஒட்டப் போனால் டப்பாவில் சொல்யூஷன் கல்லாக இறுகிக் கிடந்தது. சரி, சொருகி வைப்போம், நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டான். மறுநாள் அவன் வேலைக்குப் போன பிறகு கொத்தனார் வந்து பள்ளத்தைப் பூசிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் வந்து பார்த்தான். வழவழவென்று அழகான பூச்சு. ஒட்டாதது அவனுக்குத் தெரியும். 'இறுக்கமாத்தானே சொருகியிருக்கேன்' என்று மனசுக்குள் ஒரு வார்த்தை. அதோடு மறந்தான். அடுத்தவர் வீட்டில் வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் வண்டை வண்டையாகத் திட்டியிருப்பான். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி மறுமுனையில் ஒரு சொம்பு வருகிறதா என்று பார்க்காமல் சுவரை மூடாதே என்று ஊரெல்லாம் பாடம் எடுக்கிறவன்.

ஏசியின் மூடியையும் கழற்றினான். ஃபில்டரில் பஞ்சு மெத்தை போலத் தூசி. உள்ளே காற்றைத் தள்ளுகிற உருளையின் ஒவ்வொரு இதழிலும் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. தண்ணீர் தேங்கும் தட்டில் கொழகொழவென்று சளி மாதிரி. சீசன் என்றால் ஒரு நாளைக்கு ஏழு வீட்டு ஏசியைக் கழுவுகிறவன், தன் வீட்டு ஏசியை ஒன்றரை வருஷமாகத் திறக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா என்று தள்ளித் தள்ளிப் போட்டான். இந்தக் காற்றைத்தான் ஜன்னலை அடைத்து, போர்வை போர்த்தி, பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தான். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

இரண்டு மணிக்கு மனைவி வந்தாள். உடைத்த சுவரையும் உட்கார்ந்திருந்தவனையும் பார்த்தாள்.

"என்னங்க, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அவன் குழாயைக் காட்டினான். "நம்ம ஏசித் தண்ணிடி."

"என்ன?"

"மேல இருந்து சொட்டுக்கூட வரல. ஏசி மாட்டின அன்னைக்கு நான் இதை ஒட்டாம விட்டுட்டேன். சுவருக்குள்ளயே ஊத்திட்டிருந்திருக்கு."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "விளையாடாதீங்க."

"சத்தியமா."

"ஒட்டாம விட்டது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க." அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அந்தம்மாவை என்ன பேச்சுப் பேசினேன்! ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையேங்க அவங்க. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறும்போது பாத்துக்கிட்டே நின்னேன். ஒரு நாள் கை கொடுத்துத் தூக்கல."

"சத்தமாப் பேசாத. மேல கேக்கும்."

"கேக்கட்டும்."

அவன் கொஞ்ச நேரம் காரையைக் கூட்டினான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இன்னும் ரெண்டு மணி நேரத்துல கிளம்பப் போறாங்க. இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப் போகுது? ஒட்டிப் பூசிடறேன். மேல ஒழுகினது சரியாயிடுச்சுன்னு தம்பிக்கிட்ட சொல்லிடலாம். யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

"உங்களுக்கு மனக்கஷ்டம் இல்லன்னு சொல்லுங்க."

"அப்படி இல்லடி..."

"தன்னாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு நெனச்சுக்கிட்டே அவங்க சாகணுமா? நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போகட்டுமா?"

அவன் புது சொல்யூஷன் டப்பாவைத் திறந்து முதலில் மூட்டை ஒட்டினான். அது காய்வதற்குள் ஏசியைக் கழுவினான். தட்டில் ஒரு சொம்பு ஊற்றி, பின்பக்கம் போய் ஒரு சொம்பு வருகிறதா என்று பார்த்தான். வந்தது. மறுபடி ஊற்றிப் பார்த்தான். செய்வதற்கு வேறு வேலையே இல்லை என்று ஆன பிறகுதான் படியேறினான். அதற்குள் வண்டி வந்து வாசலில் நின்றுவிட்டது.

கண்டக்டரம்மா காலியான கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்கள் இரண்டிலும் பட்டை கட்டியிருந்தது.

"வாப்பா. கண்டுபிடிச்சியா?"

"அம்மா..." தம்பி பெட்டியைக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அம்மா, உங்க வீட்டுத் தண்ணி இல்லம்மா. எங்க ஏசித் தண்ணி. நான்தான் குழாயைச் சரியா ஒட்டாம விட்டுட்டேன்."

தம்பிதான் முதலில் பேசினார். "என்ன சொல்றீங்க? பதினோரு மாசம் எங்க அக்காவைப் படி இறங்க வெச்சுட்டு இப்ப வந்து..."

"நீ சும்மா இரு" என்றார் கண்டக்டரம்மா. பிறகு இவனைப் பார்த்து, "நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா. கையாலயே எடுத்துப் பாத்தேன்."

"அன்னைக்கும் நிச்சயமாத்தான சொன்ன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றான். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, வாய் சிரிக்கிறது.

"அப்போ குட்டிக்கு நான் ஒண்ணும் கெடுதல் பண்ணல. அப்படித்தானே?"

"இல்லம்மா. ஒண்ணும் பண்ணல."

"போதும்ப்பா. இது போதும் எனக்கு. அவ மூச்சு இழுக்குற சத்தம் ராத்திரியில மேல வரைக்கும் கேக்கும். ஒவ்வொரு நாளும் காதைப் பொத்திக்கிட்டுப் படுப்பேன்."

"நீங்க போக வேண்டாம்மா. இங்கயே இருங்க. மேலயே குளிச்சுக்கலாம்."

"இனிமே இந்தக் கால் பதினேழு படி ஏறாதுப்பா. டாக்டரே சொல்லிட்டாரு." கோபமில்லாமல், ரூட் மாறிவிட்டதைச் சொல்வது போலச் சொன்னார். "குட்டி எங்க? போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தூக்கிக்கிறேன்."

தம்பி ஒரு கையையும் மெக்கானிக் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, கடைசித் தடவையாக அந்தப் படிகளில் இறங்கினார். வாசலில் மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள். ஓடி வந்து அவர் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்கம்மா" என்று அழுதாள். "அட, விடும்மா. பிள்ளைக்காரி பேசாம வேற யார் பேசுவா?" என்று அவள் முதுகைத் தட்டினார். கண்கள் மட்டும் கதவுப் பக்கமே இருந்தன.

குட்டி வெளியே வந்தாள். ஐந்தரை வயது, கொஞ்சம் உயரமாகியிருந்தாள். வந்தவள் அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"குட்டி!" கண்டக்டரம்மா இரண்டு கையையும் நீட்டினார். "வாடா. கண்டக்டர்கிட்ட வா."

குட்டி நகரவில்லை. அப்பாவின் காலோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

"போடா" என்றான் மெக்கானிக்.

"கண்டக்டர் கிட்ட போனா எனக்கு இளைப்பு வருமே" என்றாள் குட்டி. "நீங்கதான சொன்னீங்க?"

எப்போது சொன்னான்? சொல்லியிருப்பான். படியடியில் உட்கார்ந்து அடம்பிடித்து அழுத அந்த முதல் வாரத்தில், வேலைக்குப் போகிற அவசரத்தில், வாயடைப்பதற்காகச் சொல்லியிருப்பான். அவள் அழுகையை நிறுத்தியது அதனால்தான். மறந்ததால் இல்லை.

கண்டக்டரம்மாவின் கைகள் தாழ்ந்தன. பட்டை கட்டிய காலால் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்தார். "சரிடா குட்டி. நான் தள்ளியே நிக்கிறேன், பாரு."

மெக்கானிக் மகளுக்கு எதிரே மண்டி போட்டான். "இல்லடா. அப்பா தப்பாச் சொல்லிட்டேன். கண்டக்டரால உனக்கு ஒண்ணும் வரல."

"அப்ப யாரால வந்துச்சு?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. மழை, தூசி, எதையாவது சொல்லியிருக்கலாம். பின்னால் அந்தம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அப்பாவால."

குட்டி அவன் முகத்தையே பார்த்தாள். யோசிப்பது தெரிந்தது. பிறகு அவன் கால்சட்டையைப் பிடித்திருந்த விரல்களை எடுத்துக்கொண்டாள். பின்பக்கமாகவே இரண்டு அடி நடந்து போய் அம்மாவின் பின்னால் நின்றாள்.

"அடிப்போடி, அப்பாவைப் பாத்து அப்படிப் போகலாமா?" என்றார் கண்டக்டரம்மா. நிறைந்த பஸ்ஸையே ஒரு அதட்டலில் உள்ளே தள்ளிய குரல் அது. இப்போது பாதியில் கம்மியது. "அப்பா எல்லாம் சரி பண்ணிட்டாரு. இனிமே ஒண்ணும் வராது. போ, அப்பாகிட்ட போ."

குட்டி போகவில்லை. தம்பி அக்காவை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்புகிறவரை கண்டக்டரம்மா ஜன்னல் வழியாகக் கையை அசைத்து, போ, அப்பாகிட்ட போ என்று சொல்லிக்கொண்டே போனார். மெக்கானிக் மண்டி போட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.